விருதுநகரில் காப்பாற்ற ஒன்றுமில்லையா?

விருதுநகரிலோ சிவகாசியிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு பழைய வீடு இடிபட்டால் அதை யாரும் இழப்பாக எண்ணுவதில்லை. நிலைக்கதவும் தூணும் பழைய மரக்கடைக்குப் போகின்றன. சில மாதங்களில் அதே இடத்தில் ஷட்டர் போட்ட கடைகளும் கண்ணாடி பதித்த மாடிகளும் எழுகின்றன. ஏன் இடித்தீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலை ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தரப்பை முதலில் குறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இது வியாபார ஊர். ராஜா ஆண்ட ஊரல்ல. இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது? காரை வீடுகள் ஒழுகுகின்றன, உத்திரத்தைக் கரையான் தின்கிறது. காலத்துக்கேற்பக் கட்டிக்கொள்வதில் என்ன குற்றம்? நடு ஊரில் மனை விற்கும் விலைக்கு ஒற்றைத்தள வீடு கட்டுபடியாகாது. முடுக்குக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது, அதுவும் வெடி செய்கிற வட்டாரத்தில். பழைய தெரு என்றாலே சாதித் தெரு. அது போனால் நல்லதுதான். சுற்றுலாப் பயணி யாரும் இங்கே வரப்போவதில்லை. வீடு அவரவர் சொத்து. அதில் ஊருக்கு என்ன பேச்சு? கடைசியாக, காமராசர் பிறந்த வீட்டைத்தான் அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறதே, அது போதாதா?

இப்படிச் சொல்பவர்கள் ஊரின் எதிரிகள் அல்லர். நகராட்சி உறுப்பினர், பொறியாளர், பாகம் பிரித்துக்கொண்ட வாரிசு, ஊர் முன்னேற வேண்டும் என்று மனதார விரும்பும் வியாபாரி ஆகியோரே சொல்கிறார்கள். ஒவ்வொரு வாதத்திலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் மொத்தமாகத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

1. அரண்மனை இருந்தால்தான் வரலாறா?

இந்தக் கேள்விக்கு ஊரின் பிறப்பே பதில். 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மாட்டுவண்டியில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள் ஆறு ஊர்களில் வேரூன்றினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்பவை அவை. வண்டிக்கும் மாட்டுக்கும் சரக்குக்கும் காவலாகப் பேட்டை கட்டினார்கள். விற்ற சரக்கின் மதிப்பில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் கிணறும் கோயிலும் பள்ளியும் வந்தன. உறவின்முறை என்ற அமைப்பு வழக்கும் தீர்த்தது, வரியும் வாங்கியது, பள்ளியும் நடத்தியது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் தமிழ்நாட்டு நாடார்களைப் பற்றி 1969இல் எழுதிய நூலில் இந்த அமைப்பையும் விவரித்தார். அரசனுடைய தயவு இல்லாமல், கோயில் நுழையும் உரிமைகூட மறுக்கப்பட்ட மக்கள், தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு நகரத்தை உண்டாக்கினார்கள். 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதே 1923இல், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள்.

அந்த வரலாற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. வீடுகளும் தெருக்களும் கிட்டங்கிகளுமே அதன் ஆவணம். முன்பக்கம் கமிஷன் கடை, நடுவே பட்டாசாலை, பின்கட்டில் சரக்கு என்று ஒரே கூரைக்குக் கீழே தொழிலும் குடும்பமும் இருந்த விதத்தை அந்தக் கட்டடம்தான் காட்டும்.

வணிகர் தெரு மரபாகாது என்று உலகம் நினைக்கவில்லை. இந்தியாவில் யுனெஸ்கோ பட்டியலில் முதலில் இடம்பிடித்த உலக மரபு நகரம் அகமதாபாத்; ஆண்டு 2017. அதன் பெருமையில் பெரும்பங்கு 'போல்' எனப்படும் குடியிருப்புகளுக்கு உரியது. ஒரே தொழில், ஒரே சமூகம் சேர்ந்து வாழ்ந்த நெருக்கமான தெருக்கள், மூடத்தக்க வாயில், பொதுக் கிணறு, வீட்டு முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. விருதுநகர்க்காரர் எவரும் இந்த அமைப்பைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார். செட்டிநாட்டு ஊர்களும் வணிகர் கட்டியவைதான். 2014இல் அவை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே "வியாபார ஊர்" என்பது இடிப்பதற்குக் காரணமாகாது.

2. காரை வீடு காலாவதியாகிவிட்டதா?

சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். இது கரிசல் பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்கள் வெயிலுடையவை. பழைய கொத்தனாரும் ஆசாரியும் இந்த வெயிலை எதிர்கொள்ளத்தான் வீடு கட்டினார்கள்.

அந்த வீட்டின் சுவர் ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டடி. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த அந்தக் கனத்தைத் தாண்டிச் சூடு உள்ளே வர மணிக்கணக்காகும். வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேலே மட்டப்பா: உத்திரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்த தளம். முற்றம் வழியாகச் சூட்டுக்காற்று மேலேறிப் போய்விடும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் இரண்டு பக்கமும் வெயில் படாது. எதிர்வீட்டு நிழல் முடுக்கில் விழும். வெயில் சுவரைத் தொடுமுன் திண்ணையும் தாழ்வாரமும் தாங்கிக்கொள்ளும்.

இதற்கு மாற்றாக நாம் கட்டுவது என்ன? நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவெல்லாம் படுக்கையறைக்குள் கக்குகிறது. மேற்குப் பார்த்த கண்ணாடி அதைக் கூட்டுகிறது. வசதியுள்ளவர் ஏசி வாங்குகிறார். வசதியில்லாதவர் மொட்டைமாடியில் பாயை விரிக்கிறார். வெயிலைத் தாங்கும் பொறுப்பைக் கட்டடத்திடமிருந்து எடுத்து மின்கட்டணத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஈரானின் பாலைவன நகரமான யாஸ்த், காற்றுக்கோபுரங்களும் மண்வீடுகளும் நிறைந்த தன் பழைய குடியிருப்புகளுக்காக 2017இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வறண்ட ஊர் வெயிலோடு வாழக் கற்ற பாடம் உலகுக்குத் தேவை என்பதே அந்தத் தேர்வின் பொருள்.

ஒழுகுகிறது என்பது உண்மை. ஏன் ஒழுகுகிறது? மட்டப்பாவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பால் புதுப்பிக்க வேண்டும். ஒரு தலைமுறையாக யாரும் செய்யவில்லை. அதைவிடக் கேடு, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசியது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தில் செங்கல் உதிர்கிறது, உத்திர முனை மக்குகிறது, கரையான் வருகிறது. பராமரிக்காமல் விட்டதும் தவறாகப் பழுது பார்த்ததும் நம் குற்றம், தண்டனை வீட்டுக்கு. கான்கிரீட் மட்டும் சாகாவரம் பெற்றதா? கம்பி துருப்பிடித்துப் பொருக்கு விழும் தளத்தைக் காண இந்த மாவட்டத்தின் எந்த அரசுக் குடியிருப்புக்குப் போனாலும் போதும்.

3. நடு ஊர் மனை வீணாகிறதா?

கணக்குப் போடுபவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய தெரு ஏற்கெனவே நெருக்கமான குடியிருப்புதான். கூட்டுக்குடும்பம் போன பிறகு கட்டுக் கட்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டதில் சிறுவியாபாரியும் கடைச் சிப்பந்தியும் பட்டாசு ஆலைத் தொழிலாளியும் அங்கே குடியிருக்கிறார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்து போகிறார்கள். அந்த வீட்டை இடித்துக் கட்டுவது பெரும்பாலும் கடையும் கிட்டங்கியும். குடியிருந்தவர்கள் ஊருக்கு வெளியே, பேருந்து போகாத நகர்களுக்குப் போகிறார்கள்.

அந்த நகர்களுக்குச் சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் குழாயும் யார் பணத்தில் போகின்றன? பொதுப்பணத்தில். பல இடங்களில் கண்மாய்க்குப் போகும் ஓடையை மறித்து மனை போடுகிறார்கள். சிவகாசி வெம்பக்கோட்டை அணையையும் விருதுநகர் ஆனைக்குட்டத்தையும் தாமிரபரணியையும் எதிர்பார்த்து நிற்கும் வட்டாரம் இது. விருதுநகரின் முன்னோர் நடு ஊரிலேயே தெப்பக்குளம் வெட்டி மழைநீரைச் சேர்த்தார்கள். முற்றத்தில் விழுந்த மழையை அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்தார்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியது. அதற்கு நூறாண்டு முன்பே அதைச் செய்த வீட்டை இடித்துவிட்டு, புது வீட்டில் சட்டத்துக்காக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகுகிறோம்.

4. வெடி ஊரில் முடுக்கு ஆபத்தானதா?

உயிர் சம்பந்தப்பட்ட வாதம் இது; இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்த வட்டாரத்தின் பெருவிபத்துகள் எங்கே நடந்தன? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் திறந்த வெளியில் அமைந்த ஆலைகள். அங்கே முடுக்கும் இல்லை, காரை வீடும் இல்லை. அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு மீறிய ஆட்கள், உரிமத்தை உள்குத்தகைக்கு விடும் வழக்கம் ஆகியவைதான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பேசப்படும் காரணங்கள். 2016 அக்டோபரில் சிவகாசி நகரிலேயே பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்து ஸ்கேன் மையத்துக்கு வந்திருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அது முற்றமும் வானவெளியும் உள்ள பழைய வீடு அல்ல.

வீட்டில் வெடி செய்வது எந்த வீட்டிலும் குற்றம், எந்தத் தெருவிலும் குற்றம். அதைத் தடுக்கச் சோதனை வேண்டும், நியாயமான கூலி வேண்டும், உள்குத்தகை ஒழிய வேண்டும். குடியிருப்புத் தெருவில் பட்டாசும் மருந்தும் காகிதமும் அடைத்து வைத்தால் சரக்கை வெளியேற்றுங்கள். முடுக்குக்குள் பெரிய வண்டி போகாது என்றால் சிறிய வண்டி வாங்குங்கள். தெருமுனையில் தீயணைப்புக் குழாய் வையுங்கள். சரக்கை விட்டுவிட்டுச் சுவரை வெளியேற்றுவது பாதுகாப்பாகாது.

5. சாதித் தெரு என்பதால் இடிக்கலாமா?

எதிர்வாதங்களிலேயே நேர்மையானது இதுதான். ஆம், இவை சாதி வாரியாக அமைந்த தெருக்கள். சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1899 ஜூனில் ஊர் தாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நெருங்கிக் கட்டிய வீடுகளுக்கும் காவலோடு எழுந்த பேட்டைகளுக்கும் பின்னால் அந்த அச்சம் இருக்கிறது. அதே ஊர்களில் தலித் மக்களின் வீடுகள் ஊர் எல்லைக்குத் தள்ளப்பட்டிருந்ததும் உண்மை. விலக்கப்பட்டவர்கள் தாங்களும் விலக்கினார்கள்.

ஆனால் சுவரை இடித்தால் சாதி இடிந்துவிடுமா? புதிய நகர்களில் மனை வாங்க வருபவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கும் பழக்கம் கான்கிரீட் வந்ததும் நின்றுவிட்டதா? இடிப்பதால் அழிவது சாதி அல்ல, சாட்சி. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் பள்ளி கட்டி எழுந்த கதையும், அவர்களே வேறொருவரைத் தடுத்த கதையும் ஒரே தெருவமைப்பில் பதிந்திருக்கின்றன. இரண்டையும் அடுத்த தலைமுறை அங்கேயே நின்று படிக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியல் செல்வந்தர் வீடுகளோடு நின்றால் அது இன்னொரு அநீதி. அருப்புக்கோட்டையில் குழித்தறி இருந்த நெசவாளர் வீடுகள், குடும்பமே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய சிவகாசித் திண்ணைகள், முஸ்லிம் தெருக்கள், தலித் குடியிருப்புகளின் சாவடிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

6. சுற்றுலா வராவிட்டால் பயனில்லையா?

வராமல் இருப்பது நல்லதாகக்கூட இருக்கலாம். ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேரில் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே விடுதிகள் பெருகின. குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் பெருகின. நீர் கசிந்து அடித்தளம் நெகிழ்ந்து கோட்டைச் சுவரே சரியத் தொடங்கியது. வறண்ட ஊரின் கட்டடத்தை வறண்ட ஊரின் அளவோடு பயன்படுத்தாவிட்டால் புகழே அதைக் கொன்றுவிடும். விருதுநகர்த் தெருக்கள் காப்பாற்றப்பட வேண்டியது அங்கே வாழ்பவர்களுக்காக. குடியிருப்பவர் குளிர்ச்சியாகத் தூங்கினால் அதுவே பயன்.

7. என் சொத்து, என் விருப்பமா?

சொத்துரிமையை நான் மறுக்கவில்லை. ஆறு வாரிசுகள், ஒரு வீடு, பழுதுபார்க்க யாரிடமும் பணமில்லை என்ற நிலை எனக்குத் தெரியும். விற்றுப் பிரித்துக்கொள்வதே எளிய வழியாக அவர்கள்முன் நிற்கிறது. அவர்களைத் தடைச்சட்டத்தால் மட்டும் கட்டிப்போட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அது தானாக விழக் காத்திருப்பார்கள். ஆகவே சுமையைப் பொதுவும் பங்கிட வேண்டும் என்கிறேன்.

அதற்கு வழிகள் உண்டு. அகமதாபாத் மாநகராட்சி 1996இலேயே மரபுப் பிரிவு தொடங்கியது. மரபு வீட்டை இடிக்காத உரிமையாளர் தமக்குரிய கட்டட உரிமையை வேறிடத்துக்கு விற்க அங்கே வழி செய்யப்பட்டது. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகள், திண்ணையும் தாழ்வாரமுமாக, உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு சீரமைக்கப்பட்டன; 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது அதற்குக் கிடைத்தது. அங்கே அரண்மனை ஏதுமில்லை. சாதாரணக் குடும்பங்கள் வாழும் தெரு.

தமிழ்நாடு 2012இலேயே மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் விழுந்த வீடுகளை எந்த ஆணையமும் திரும்பக் கட்டித்தராது.

8. காமராசர் இல்லம் போதுமா?

சுலோசன நாடார் தெருவிலுள்ள அந்தச் சிறிய வீட்டை வணங்குவோர் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1903இல் அங்கே பிறந்த சிறுவனை வளர்த்தது வீடு மட்டும் அல்ல. மாமாவின் கடை, கூட்டம் நடந்த மைதானம், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை எல்லாம் சேர்ந்து வளர்த்தன. அந்தப் பள்ளிக்காகத் தெருத் தெருவாகப் பிடி அரிசி சேர்த்தார்கள். அரிசி கொடுத்த வாசல்கள் போய்விட்டால், அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வது? "தமிழ்நாடு" என்று பெயர் வைக்கக் கோரி 1956இல் சங்கரலிங்கனார் இருந்த, அவர் உயிரையே பறித்த உண்ணாவிரதமும் இதே ஊரின் தேசபந்து மைதானத்தின் வரலாறு. ஒரு வீட்டைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு அதைச் சுற்றியிருந்த ஊரைக் கலைப்பது காமராசருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி என்ன செய்வது? முதலில் கணக்கெடுப்பு. விருதுநகர் நகராட்சியும் சிவகாசி மாநகராட்சியும் தெருத் தெருவாகப் பழைய வீடுகளைப் பதிவு செய்யட்டும்; மதுரைக் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து தருவார்கள். இரண்டாவது, பதிவான வீட்டுக்குச் சொத்துவரிச் சலுகையும் பழுதுபார்க்க வட்டிக் குறைவான கடனும். மூன்றாவது, சுண்ணாம்பு வேலை. காரை அரைக்கவும் கடுக்காய் ஊறவைத்துக் கலக்கவும் தெரிந்த கொத்தனார்கள் வயதாகி ஒதுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இளைஞர்கள் கற்க ஊதியத்தோடு பயிற்சி வேண்டும். நான்காவது, புதுக் கட்டடத்துக்கும் விதி. முற்றமும் நிழலும் கனத்த சுவரும் உள்ள வரைபடத்துக்கு ஊக்கம் கொடுங்கள்.

கடைசியாக உறவின்முறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று மகமைப் பணத்தில் நீங்கள் கட்டியவற்றைத் தமிழகம் அறியும். அரசு தரட்டும் என்று உங்கள் முன்னோர் காத்திருக்கவில்லை. அதே மகமையில் ஒரு பங்கை இந்தத் தெருக்களுக்கு ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி பார்க்காமல், உரிமையாளர், வாடகைக்காரர் என்று பிரிக்காமல், அந்தத் தெருவின் எல்லாக் கூரைகளையும் ஒழுகாமல் செய்யுங்கள். காப்பாற்ற ஒன்றுமில்லை என்ற பேச்சு அந்தத் தெருவிலேயே முடிந்துவிடும்.